ஐந்து நாள் ஊழியத்துக்குக் கிளம்பும் முன்னால்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய சபையிலிருந்து 22 பேர் மே மாதம் தாராபுரம் பக்கத்தில் உள்ள ஒரு சிறப்புக் குழந்தைகள் இல்லத்துக்கு ஐந்து நாள் ஊழியப் பயணம் போகிறார்களாம். அங்கே சுமார் 40 பிள்ளைகள். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்று கலந்து இருக்கிறார்கள். பாட்டு, பொம்மலாட்டம், பலூன், கடைசி நாள் ஜெபக் கூட்டம் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். தனக்கு இந்தப் பிள்ளைகளோடு பழக்கமே இல்லை, என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும், பத்து வயது மகளையும் கூட்டிப் போகலாமா என்பது அவர் கேள்வி.

நான் ஈரோடு பக்கம் 17 வருடமாகச் சிறப்பாசிரியராக இருக்கிறேன். அதற்கு முன்னால், காலேஜ் படிக்கும்போது, உங்களைப் போலவே சபை வேனில் ஏறிப் போனவள்தான். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மே மாதம் பிள்ளைகள் அங்கே இருப்பார்களா என்று கேட்டீர்களா? பகல் நேரப் பள்ளி என்றால் மே மாதம் பூட்டித்தான் இருக்கும். தங்கும் இல்லம் என்றாலும் அப்பா அம்மா இருக்கிற பிள்ளைகளை முழுப்பரீட்சை லீவுக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பது போக இடமில்லாத பிள்ளைகள், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்காக மாவட்டத்தில் அரசு அமைத்திருக்கும் குழந்தைகள் நலக் குழு மூலமாக வந்து சேர்ந்தவர்கள். ஆயாக்களும் முறை போட்டு ஊருக்குப் போயிருப்பார்கள். ஆக, நீங்கள் போய் இறங்கும்போது 40 பிள்ளைகளுக்குப் பதில் ஒரு டஜன் பிள்ளைகளும் மூன்று ஆயாக்களும் இருக்கலாம். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு 22 ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள்.

நம் பக்கம் வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரம்மா அடுப்படியை விட்டு வெளியே தலைகாட்ட முடியாது. காப்பித்தண்ணி, பலகாரம், சாப்பாடு, படுக்கப் பாய் என்று அவருக்கு அன்றைக்கு முழுக்க வேலை. இல்லத்திலும் அதேதான் நடக்கும். உங்களை உட்காரவைத்து, உங்களுக்குச் சமைத்து, நீங்கள் பாடும்போது பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் கைதட்டச் சொல்லி, நீங்கள் போன பிறகு வழக்கம் கலைந்த பிள்ளைகளை மறுபடி ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவருவது வரை எல்லாம் அந்த மூன்று ஆயாக்களின் தலையில்தான் விழும். அதனால் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பிள்ளைகளை மகிழ்விக்கிற வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கை கொடுக்கப் போங்கள். கீழே சொல்வதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். திருப்பூருக்கும் தாராபுரத்துக்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் இட்லி ஆறுவதற்குள் போய்விடலாம். இதற்கு எதற்கு ஐந்து நாள் மொத்தமாகத் தங்க வேண்டும்? ஐந்தைந்து பேராகப் பிரிந்து, மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு வருடத்துக்கு வருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். இல்லம் நடத்துகிறவர் முகம் மாறும். ஈரோட்டில் பிரப் ரோடு என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஏ. டபிள்யூ. பிரப் என்ற மிஷனரியின் பெயர். கோவையில் லண்டன் மிஷன்காரர்கள் 1830-லேயே வந்து இறங்கிவிட்டார்கள். தெற்கே பாளையங்கோட்டையில் அந்த நூற்றாண்டின் கடைசியில் காதுகேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சனும் அப்படி வந்தவர்தான். அவர்களைப் பற்றி நல்லதும் பொல்லாததுமாக எவ்வளவோ பேசலாம். ஆனால் வந்தவர்கள் தங்கினார்கள், தமிழ் படித்தார்கள், பள்ளியை நடத்தினார்கள். ஐந்து நாள் டூருக்கு மிஷன் என்று பெயர் வந்ததெல்லாம் பிற்பாடுதான்.

சரி, சபைக் கமிட்டி தேதி குறித்துவிட்டது, மாற்ற முடியாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் போவதற்கு முன் இரண்டு பேராவது ஒரு சாதாரண நாளில் போய்க் காலை எட்டிலிருந்து மதியம் வரை சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணிக்கு மாத்திரை, யாரை எப்போது பாத்ரூமுக்குக் கூட்டிப் போகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நேரங்களை உங்கள் நிகழ்ச்சிக்காக ஒரு நிமிடம்கூடத் தள்ளக் கூடாது.

இதைக் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறந்தநாளுக்கு ஹோமில் சாப்பாடு போடுவது நம் ஊரில் பெரிய வழக்கம். மனதார நல்ல எண்ணம்தான். ஒருமுறை நான் இருந்த இடத்தில் ஒரு குடும்பம் மதியச் சாப்பாடு தங்களுடையது என்று சொல்லியிருந்தது. பிள்ளைகள் வழக்கமாகப் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுவார்கள். பிரியாணி அண்டா வந்து இறங்கியபோது இரண்டே கால். அப்புறம் கேக் வெட்டி, போட்டோ எடுத்து, நன்றி சொல்லிப் பாட்டுப் பாடி முடிக்க மூன்று மணி. சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டிய வலிப்பு மாத்திரைகள் எல்லாம் தட்டில் அப்படியே இருந்தன. அன்று சாயங்காலம் இரண்டு பிள்ளைகளுக்கு ஃபிட்ஸ் வந்தது. அந்தக் குடும்பத்துக்கு இது இன்றுவரை தெரியாது.

பலூனுக்கு வருகிறேன். என் முதல் பயணம், காலேஜ் இரண்டாம் வருடம். நாங்கள் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பலூன் ஊதினோம். மூன்றாவதோ நான்காவதோ வெடித்தது. மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் இடிக்க ஆரம்பித்தான். எட்டுப் பேரும் ஓடிப்போய் அவனைச் சூழ்ந்துகொண்டோம். ஆளாளுக்கு முதுகைத் தடவுகிறோம், 'ஒண்ணுமில்லடா கண்ணு' என்கிறோம், ஒருத்தி சாக்லேட்டை நீட்டுகிறாள். இடி வேகமானது. சமையல்கட்டிலிருந்து ஓர் ஆயா ஈரக்கையோடு வந்தார். "எல்லாரும் சித்த வெளிய போங்க சாமி" என்று மட்டும் சொன்னார். கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினார். ஒரு தலையணையை அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவே கொடுத்துவிட்டு, அரை அடி தள்ளி, அவனைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் இடி குறைந்து, ஆட்டமாகி, நின்றது. பையன் தானாகவே நகர்ந்து வந்து ஆயாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

பிற்பாடு பி.எட். சிறப்புக் கல்வியில் ஒரு பருவம் முழுக்க இதைத்தான் படித்தேன். சத்தத்தைக் குறை, வெளிச்சத்தைக் குறை, கூட்டத்தைக் குறை, பேச்சைக் குறை, அடிபடாமல் மட்டும் பார்த்துக்கொள். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் திடீர்ச் சத்தம், மேலே பட்டும் படாமலும் தடவுவது, சட்டைக் கழுத்தில் உறுத்தும் லேபிள் எல்லாமே நமக்கு இருப்பதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். நீங்கள் பனியன் கம்பெனிக்காரர். பிள்ளைகளுக்குத் துணி கொண்டு போவதானால் லேபிள் தைக்காத பீஸாகக் கொண்டு போங்கள். எந்த ஹோமிலும் உங்களை மறக்க மாட்டார்கள். இன்னொரு விஷயம், முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்து சின்ன வயதிலிருந்தே பல ஆபரேஷன் ஆன பிள்ளைகளுக்கு ரப்பர் அலர்ஜி இருக்க வாய்ப்பு அதிகம். பலூன், ரப்பர் கையுறை இரண்டுமே அவர்களுக்கு ஆபத்து. மொத்தத்தில் பலூனை விட்டுவிடுங்கள். பொம்மலாட்டமும் மைக் செட் இல்லாமல், ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் சரி.

மைக் என்றதும் சத்தத்தைப் பற்றி இன்னொன்று ஞாபகம் வருகிறது. மே மாதம் வேண்டாம் என்று ஆடிக்குத் தள்ளிப் போட்டுவிடாதீர்கள். தாராபுரம், மூலனூர் பக்கம் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரை போட்ட கட்டிடத்தில் அந்த மாதம் முழுக்கவே சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டுதான் திரிவார்கள்.

சாப்பாடு ஊட்டுவது. தன்னார்வலர்கள் எல்லாரும் ஆசைப்படும் வேலை இது. ஆபத்தான வேலையும் இதுதான். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு விழுங்குவதே ஒரு பெரிய வேலை. படுக்கவைத்தோ, தலையை அண்ணாந்து வைத்தோ ஊட்டினால் சாப்பாடு உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இருமினால் உடனே தெரியும். சில பிள்ளைகளுக்கு இருமலே வராது, நான்கு நாள் கழித்து நிமோனியா என்று ஆஸ்பத்திரியில்தான் தெரியும். நிமிர்ந்து உட்காரவைத்து, முதுகுக்கு முட்டுக்கொடுத்து, தாடை லேசாக உள்வாங்கி இருக்கும்படி, நீங்கள் அவர்கள் கண் மட்டத்திலோ கொஞ்சம் தாழ்வாகவோ உட்கார்ந்து ஊட்ட வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை உங்களைப் பார்க்கத் தலையைத் தூக்கும், அவ்வளவுதான், கதை கெட்டது. சின்ன ஸ்பூன், அரை ஸ்பூன் அளவு. ஒரு வாய் விழுங்கி முடித்ததைத் தொண்டையில் பார்த்த பிறகு அடுத்த வாய். நம் அரிசிம்பருப்புச் சாதத்தை இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்துக் குழைய விட்டு மசித்தால் இதற்கு அருமையாக இருக்கும். பொரி, கடலை, முறுக்கு, திராட்சை எதையும் யார் வாயிலும் போடாதீர்கள். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. முதல் நாள் ஊட்டுவதைப் பார்க்க மட்டும் செய்யுங்கள். இரண்டாம் நாள் ஆயா பக்கத்தில் இருக்க, அவர் சொல்கிற பிள்ளைக்கு மட்டும் ஊட்டுங்கள். ஒரு பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். அந்த முக்கால் மணி நேரத்தை ஆயாவுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தால் அதுவே ஊழியம்.

ஃபிட்ஸ் வந்தால் என்ன செய்வது என்பதை 22 பேரும் மனப்பாடம் செய்யாமல் வேனில் ஏறக் கூடாது. சாவிக்கொத்து, இரும்பு எதையும் கையில் திணிக்காதீர்கள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வாய்க்குள் ஸ்பூன், துணி, விரல் எதுவும் வேண்டாம். பல் உடையும், இல்லை உங்கள் விரல் போகும். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். சுற்றியுள்ள சாமானை நகர்த்தி, தலைக்கு அடியில் மடித்த துணி வைத்து, முடிந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ 108. முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது, குட்டிக்கரணம் போட வைப்பது வேண்டவே வேண்டாம். சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் சேரும் இடத்தில் பிடிப்பு தளர்வாக இருக்கும், தண்டுவடத்தில் அடிபட்டுவிடும். வீல்சேரில் இருக்கும் பிள்ளையைக் கேட்காமல் தள்ளாதீர்கள். அது அவர்களுக்குக் கால் மாதிரி.

அப்புறம் இந்தக் கட்டிப்பிடிப்பது. போன உடனே ஒரு பெண் ஓடிவந்து உங்களை இறுக்கிக் கட்டிக்கொள்ளும். உங்களுக்குக் கண் கலங்கும். 'எவ்வளவு பாசம்' என்று சபையில் சாட்சி சொல்லத் தோன்றும். எனக்கோ அதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். பதினாலு வயதுப் பெண், முன்பின் தெரியாத யார் வந்தாலும் போய் ஒட்டிக்கொள்கிறது என்றால் அதற்குத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற கோடு இன்னும் விழவில்லை என்று அர்த்தம். நாளைக்கு யார் கூப்பிட்டாலும் கூடப் போகும். நாங்கள் வருடக்கணக்கில் அந்தக் கோட்டைப் போடத்தான் பாடுபடுகிறோம்: அம்மாவுக்குக் கட்டிப்பிடி, மிஸ்ஸுக்குக் கைகுலுக்கு, புதியவருக்கு வணக்கம். 22 பேர் ஐந்து நாள் மடியில் தூக்கிவைத்துக் கொஞ்சிவிட்டுப் போனால் அது அத்தனையும் அழிந்துவிடும். எனவே சிரித்துக்கொண்டே ஓர் அடி பின்வாங்கி, கையை நீட்டுங்கள், இல்லாவிட்டால் கும்பிடுங்கள். பதினாறு வயதுப் பையனை 'செல்லக்குட்டி' என்று கன்னத்தைக் கிள்ளாதீர்கள். 'தம்பி' என்றோ பெயர் சொல்லியோ கூப்பிடுங்கள். ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை பதிலுக்குக் காத்திருங்கள். பேச்சு வராத பிள்ளையிடமிருந்தும் பதில் வரும். கண் போகும் திசையில் வரும், விரல் அசைவில் வரும்.

குளிப்பாட்டுவது, பாத்ரூம் கூட்டிப் போவது, உடை மாற்றுவது எதையும் தன்னார்வலர் தனியாகச் செய்யக் கூடாது. இல்லம் சம்மதித்தாலும் நீங்கள் சம்மதிக்கக் கூடாது. பூட்டிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருக்கும்படி ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். இது உங்கள் குழுவின் மேல் சந்தேகம் என்று உங்கள் சபை ஐயா வருத்தப்பட்டால், பேச முடியாத பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லவும் முடியாது என்று சொல்லுங்கள். 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்திருக்கிறது என்று தெரியவந்த யாரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அதுவே குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ ஒவ்வொருவரும் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

போட்டோ வேண்டாம். இல்லத்தில் பாதுகாப்புக்காகச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி படமோ பெயரோ வெளியிடுவது 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி தண்டனைக்குரியது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சபை வாட்ஸ்அப் குரூப்பும் வெளியீடுதான், ஸ்டேட்டஸும் வெளியீடுதான். நீங்கள் போகும் இல்லம் முறையாகப் பதிவு பெற்றதா என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதிவு பெற்ற இடத்தில் சான்றிதழை ஆபீஸ் ரூம் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள்.

இனி ஜெபக் கூட்டம். நானும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். அந்த இல்லத்துப் பிள்ளைகள் பலவிதமான வீடுகளிலிருந்து வந்தவர்கள். தன் மதம் எது என்று சொல்லத் தெரியாத பிள்ளையிடம் போய் மதத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையில்லை. உங்கள் ஜெபத்தைக் காலையில் கிளம்பும் முன் நீங்கள் தங்குமிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், யார் தலையிலும் கை வைத்து 'சுகமாகும்' என்று சொல்லாதீர்கள். பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லவே சொல்லாதீர்கள். கரூர் பக்கத்து அம்மா ஒருவர் இப்படி ஒரு கூட்டத்துக்குப் பிறகு பையனின் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். விசுவாசம் குறைந்துவிடக் கூடாதே என்று பயந்து நிறுத்தியிருக்கிறார். பையன் ஐ.சி.யு.வில் ஆறு நாள் கிடந்தான். பிழைத்துவிட்டான். அந்த அம்மா இப்போதும் என்னிடம் கேட்பது, 'என்ற விசுவாசந்தான் பத்தலைங்களா மிஸ்?'

அப்படியானால் என்னதான் செய்யலாம் என்கிறீர்கள். நிறைய இருக்கிறது. மூலதனம் உங்கள் கையிலேயே இருக்கிறது. திருப்பூர், கோவை ஆட்கள் என்றால் கையில் தொழில் உள்ளவர்கள். உங்களில் ஒரு கார்ப்பெண்டரோ வெல்டரோ இருப்பார். பிசியோதெரபிஸ்ட் எடுத்துக் கொடுக்கும் அளவில், முதுகையும் இரண்டு பக்கத்தையும் தாங்கிப் பிடிக்கும் ஒரு மூலை நாற்காலி செய்து கொடுத்தால், கழுத்து நிற்காத ஒரு பிள்ளை முதல்முறையாக உட்கார்ந்து வாசலைப் பார்க்கும். வாசற்படிக்குச் சாய்தளம் போடலாம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. பாதி ஹோம்களில் பேருக்கு ஒன்று செங்குத்தாகப் போட்டு வைத்திருப்பார்கள், வீல்சேர் ஏறாது, ஏறினால் இறங்கும்போது பிள்ளை விழும். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஸ்பூன் பிடியில் சுற்றித் தடிமனாக்கினால் விரல் மடங்காத பிள்ளையும் தானே அள்ளிச் சாப்பிடப் பழகும். காசு ஒன்றும் ஆகாது. கட்டிங் வேஸ்ட் துணியை நான்கு மடிப்பாக வைத்து ஓவர்லாக் அடித்தால் எச்சில் வடியும் பிள்ளைகளுக்குக் கழுத்துத் துணி. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைக்கு எட்டுப் பத்து வேண்டியிருக்கும், எத்தனை தைத்தாலும் போதாது. அதே வேஸ்டில் நிறம் நிறமாகச் சதுரம் வெட்டிக் கொடுத்தால் சிவப்பை ஒரு டப்பாவில், மஞ்சளை ஒரு டப்பாவில் பிரித்துப் போடும் பயிற்சிக்கு நாங்கள் வருடக்கணக்கில் வைத்துக்கொள்வோம்.

பரிசு என்றால் பென்சில் பாக்ஸும் பிஸ்கட்டும்தான் எல்லோருக்கும் தோன்றும். இல்லத்தைக் கேட்டால் பெரியவர்களுக்கான டயாபர், படுக்கையில் விரிக்கும் ஷீட், ஃபினாயில், சானிட்டரி நாப்கின், நல்லதாக நாலு சென்னிமலை பெட்ஷீட் என்று பட்டியல் கொடுப்பார்கள். கொடுத்த பட்டியலை அப்படியே வாங்குங்கள். வாஷிங் மெஷின் ரிப்பேர் என்றால் அதைச் சரிசெய்து கொடுங்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள இடத்தில் வாஷிங் மெஷின் நின்றால் ஆயாக்களின் இடுப்பு ஒடிந்துவிடும்.

படித்தவர்கள் இருந்தால் பேப்பர் வேலை செய்யலாம். வெளியூர்க்காரர்கள் யாரும் இதைச் செய்ய முன்வருவதில்லை. 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, பழைய 1995 சட்டத்தில் ஏழுதான் இருந்தது. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்றிதழ் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். அந்தச் சான்றிதழ், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி., தமிழ்நாடு அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கும் வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் நிராமயா மருத்துவக் காப்பீடு, 18 வயது தாண்டியவர்களுக்குக் கலெக்டர் தலைமையிலான குழு மூலம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனம் என்று ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம், ஸ்கேன், ஓ.டி.பி. கூலி வேலைக்குப் போகிற பெற்றோருக்கு இதில் ஒன்றுக்கே மூன்று நாள் கூலி போய்விடும். லேப்டாப்பும் பொறுமையும் உள்ள இரண்டு பேர் ஐந்து நாள் உட்கார்ந்தால் இருபது குடும்பத்துக்கு வேலை முடியும்.

எனக்குப் பிடித்த கதை ஒன்றைச் சொல்கிறேன். காங்கயம் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. இருபது வயது மகன், நடக்க முடியாது, பேச்சில்லை, ராத்திரியில் தூக்கமும் இல்லை. அவனுடைய அம்மா ஆறு வருடமாக ஒரு விசேஷத்துக்கும் போனதில்லை. எங்களோடு மாதாமாதம் வந்த ஒரு சபை வாலிபர் குழு இருந்தது. ஒரு வருடம் பழகிய பிறகு, என்ன உதவி வேணும்னு சொல்லுங்கக்கா என்று கேட்டார்கள். அந்தம்மா ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, "வர்ற புதன்கிழமை எங்கூர்ல மாரியம்மன் நோம்பிங்க கண்ணு. மாவிளக்கு எடுத்துட்டு ஒருக்கா போயிட்டு வந்துட்டா தேவலை" என்றார். வாலிபர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட வந்திருந்த ஆயர்தான் சிரித்துவிட்டு, "போயிட்டு வாங்கம்மா, தம்பிய நாங்க பாத்துக்கறோம்" என்றார். புதன்கிழமை நான்கு மணி நேரம் இரண்டு பையன்கள் அவனோடு இருந்தார்கள். அந்தம்மா கண்டாங்கிச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அந்தச் சேலையில் அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பையன்களுக்கு மாவிளக்கு மாவு ஆளுக்கொரு உருண்டை. தயங்காமல் சாப்பிட்டார்கள்.

வீட்டிலேயே இருக்கும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லங்களில் இருப்பவர்களைவிட அதிகம். உங்கள் ஊரிலேயே, உங்கள் சபைக்குப் பின்தெருவிலேயே இருப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் கேட்டால் பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் சிறப்பாசிரியர் யார் என்று சொல்வார்கள். அவரோடு ஒரு நாள் போய்ப் பாருங்கள். முறையாகவே படிக்க ஆசை வந்துவிட்டால் கோவையிலேயே அவினாசிலிங்கத்திலும், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ணா வித்யாலயா வளாகத்திலும் சிறப்புக் கல்விப் படிப்புகள் இருக்கின்றன.

கிளம்புகிற நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'அடுத்த மாசம் வர்றேன்' என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள், தேதி முடிவாகாதவரை. நேரம் என்பது புரியாத பிள்ளைக்கும் ஆள் வரவில்லை என்பது புரியும். ஒரு பையன் மூன்று நாள் சாயங்காலம் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். போகும்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போங்கள். காலண்டரில் அன்றைய தேதியைக் காட்டி, 'இன்னைக்கு அக்கா ஊருக்குப் போறேன்' என்று. அழுதால் அழட்டும். சொல்லாமல் நழுவிப் போவதுதான் பெரிய கெடுதல்.

மகள் விஷயம். பத்து வயது என்றால் தாராளமாகக் கூட்டிப் போகலாம், ஆனால் ஐந்து நாளும் வேண்டாம், ஒரு நாள், அதுவும் அரை நாள். முன்னாலேயே சொல்லி வையுங்கள்: சிலர் பேச மாட்டார்கள், சிலர் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், எச்சில் வடியும், திடீரென்று சத்தம் வரும், பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள். 'அந்த அண்ணா ஏன் இப்படி இருக்கிறான்' என்று சத்தமாகக் கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள். 'அண்ணாவுக்கு மூளையிலிருந்து காலுக்குப் போற கட்டளை சரியாப் போய்ச் சேராது, அதனால வீல்சேர்ல இருக்கான்' என்று அவன் முன்னாலேயே, அவனையும் பார்த்துச் சொல்லுங்கள். 'பாவம்' என்ற வார்த்தையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். மணலும் தண்ணீரும் உள்ள இடத்தில் விட்டுவிட்டால் நாம் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்காது, பிள்ளைகள் பிள்ளைகளோடு சேர்ந்துகொள்ளும். அவளுக்கு மாற்றுத்துணி இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒன்று.